உப்புத் தொட்டியில் ஆரஞ்சு ஏறவில்லையா? துனாலியெல்லா வளர்ப்போருக்கு அறிகுறி வாரியான வழிமுறை

மொரீசியஸின் மேற்குக் கரையில் உப்பு விளைவதற்குக் காரணம் உண்டு. தென்கிழக்கிலிருந்து வரும் காற்று தன் ஈரத்தையெல்லாம் கியூர்பிப் மேட்டுநிலத்தில் கொட்டிவிட்டு, தமாரின் பக்கம் உலர்ந்து இறங்குகிறது. கருங்கல் பாத்திகளில் கடல்நீரைக் காய்ச்சும் அந்த வெயிலும் காற்றும் துனாலியெல்லா சலினா என்னும் உப்புநீர் நுண்பாசிக்கும் உகந்தவை. பிரான்சின் மோன்பெல்லியே உப்பளங்களில் நீர் சிவப்பதைப் பார்த்து, அதற்கு நுண்ணுயிர்தான் காரணம் என்று 1838-இல் சொன்னவர் மிஷேல் பெலிக்ஸ் துனால். 1905-இல் தியோடொரெஸ்கு அந்த உயிருக்கு அவர் பெயரையே சூட்டினார். சூழல் அமைந்தால் இந்தப் பாசி தன் உலர் எடையில் 10 விழுக்காடு வரை பீட்டா கரோட்டின் என்னும் ஆரஞ்சு நிறமியைச் சேர்த்து வைக்கும்.

தீவில் தொட்டி வைத்து இதை வளர்க்கிறவர்கள், பள்ளிச் செயல்திட்டத்துக்காக மாணவர்களோடு முயல்கிற ஆசிரியர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்வி: ‘வேண்டியதெல்லாம் கொடுத்தும் ஏன் சிவக்கவில்லை?’ வேண்டியதெல்லாம் கொடுத்ததால்தான் சிவக்கவில்லை. ஒளியை இந்தப் பாசியின் வரவாகவும் வளர்ச்சியைச் செலவாகவும் வைத்துக்கொள்ளுங்கள். வரவும் செலவும் சரியாக இருக்கும்வரை செல் பச்சையாகவே பெருகும். ஒளி மிகுந்து, அதைச் செலவிட வழியில்லாமல் போகும்போதுதான் பசுங்கணிகத்துக்குள் எண்ணெய்த் துளிகள் தோன்றி அவற்றில் கரோட்டின் நிறையும். அந்தத் துளிகள் நீல ஒளியைத் தடுத்துப் பச்சையத்தைக் காக்கின்றன. ஒரு செல் ஒருமுறை பிரிவதற்குள் எவ்வளவு ஒளியை வாங்கிக்கொள்கிறதோ அதற்கேற்பவே நிறம் ஏறும். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியையும் இந்தக் கணக்கைக்கொண்டே பார்க்கப் போகிறேன்.

கை வைப்பதற்கு முன்

நீரின் நிறத்தை மட்டும் பார்த்து எதையும் மாற்றாதீர்கள். நீரின் நிறம் வேறு, செல்லின் நிறம் வேறு. அடர்ந்த பச்சைத் தொட்டியும் மெலிந்த ஆரஞ்சுத் தொட்டியும் கலந்து பார்த்தால் ஒரே பழுப்பாகத் தெரியும். நுண்ணோக்கியில் 400 மடங்கில் ஒரு துளியைப் பாருங்கள். செல் எண்ணும் கண்ணாடித் தகட்டில், லூகால் அயோடின் ஒரு சொட்டு விட்டு, அவை ஓடாமல் நிறுத்தி எண்ணுங்கள். நிறமாலைமானி கிடைக்கிற இடமென்றால் அசிட்டோனில் கரைத்த சாற்றை 480, 664 நானோமீட்டரில் அளந்து முன்னதைப் பின்னதால் வகுத்துக் குறித்து வையுங்கள். நாளுக்கு நாள் அந்த எண் ஏறினால் கரோட்டின் பச்சையத்தை முந்துகிறது என்று பொருள்.

மாதிரி எடுக்கும் முன் தொட்டியை நன்றாகக் கலக்க வேண்டும். இந்தச் செல்கள் இரண்டு கசையிழைகளைக்கொண்டு நீந்துபவை. காலை வெயிலில் மேலே கூடும், காற்று அடித்தால் ஒரு மூலையில் ஒதுங்கும். அந்த மூலையில் ஒரு குவளை மொண்டு அளந்தவர்கள் பொய்க் கணக்கை நம்பி மகிழ்ந்துபோகிறார்கள்.

உப்பின் அளவில் ஒரு குழப்பம் எல்லோரையும் வாட்டுகிறது. ‘25 விழுக்காடு’ என்று ஒருவர் சொல்வது 100 கிராம் கரைசலில் 25 கிராம் உப்பு. மற்றொருவர் சொல்வது லிட்டருக்கு 250 கிராம். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது லிட்டருக்கு ஏறக்குறைய 300 கிராம் ஆகிறது. உப்பளத்தில் நீரின் அடர்த்தியை அளக்கப் பயன்படும் பௌமே மானி போதுமானது. அதன் பாகை ஏறத்தாழ எடை விழுக்காட்டோடு ஒத்துப்போகும். கடல்நீர் 3 முதல் 3.5 பாகை, உப்பு படிகமாகத் தொடங்குவது 25.5 பாகை. நண்பகலில் சூடான நீரில் மானி குறைத்துக் காட்டும், ஆகவே ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பாருங்கள்.

அறிகுறி: செழிப்பாக வளர்கிறது, ஆனால் பச்சையாகவே நிற்கிறது

முதல் சந்தேகம் விதை மீது, அதாவது தொட்டியில் முதலில் விட்ட பாசி மீது வர வேண்டும். துனாலியெல்லா இனம் எல்லாமே சிவக்காது. இறால் பண்ணைகளில் தீவனத்துக்காக வளர்க்கப்படும் துனாலியெல்லா டெர்டியோலெக்டா எவ்வளவு வெயிலிலும் பச்சைதான். உப்பளங்களில் தானாக வளரும் துனாலியெல்லா விரிடிஸும் அப்படியே. சலினாவும், சினாய் வடகரையின் பர்தவில் உப்பங்கழியிலிருந்து எடுக்கப்பட்ட பர்தவில் வகையும்தான் கரோட்டினைச் சேர்க்கும். ஒரு சிறு குடுவையில் நைட்ரேட் இல்லாத உப்புநீர் ஊற்றி, சிறிதளவு பாசி சேர்த்து, நல்ல வெயிலில் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் நிறம் மாறத் தொடங்கவில்லை என்றால் தொட்டியைப் பழிப்பதில் பயனில்லை, விதையை மாற்றுங்கள்.

விதை சரி என்றால், அடுத்து நைட்ரேட். 1968-இல் வெளியான ஜான்சன் ஊடகம் என்னும் வளர்ப்புக் கரைசலை நம்மில் பலர் பின்பற்றுகிறோம். அதில் லிட்டருக்கு 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் உண்டு. வளர்ச்சிக்கு அது தாராளம். அந்தத் தாராளமே நிறத்துக்குத் தடை. நைட்ரேட் இருக்கும்வரை செல் புரதம் செய்துகொண்டு பிரிந்துகொண்டே இருக்கும், வந்த ஒளி செலவாகிவிடும். மீன்தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும் நைட்ரேட் காகிதத்தால் பாருங்கள். மாதிரியை வாலைவடிநீரில் பத்து மடங்கு நீர்த்துப் பார்த்தால்தான் உப்பின் இடையூறு குறையும். காகிதத்தில் நிறம் இன்னும் வந்தால் தொட்டியில் தீனி மிச்சம் இருக்கிறது. தொடக்கத்திலேயே கால் பங்கு நைட்ரேட் போட்டால், போதிய செல்கள் பெருகும் நேரத்தில் அது தானாகத் தீர்ந்துபோகும். பாஸ்பேட், சல்பேட் பற்றாக்குறையும் சிவக்கவைக்கும்; ஆனாலும் நம் கைக்கு அடங்குவது நைட்ரேட்தான்.

மூன்றாவது, பலரும் மறப்பது: அடர்த்தி. மொரீசியஸ் வெயிலுக்கு என்ன குறை என்று கேட்பார்கள். வெயிலுக்குக் குறையில்லை, செல்லுக்குப் போய்ச் சேரும் வெயிலுக்குத்தான் குறை. அடர்ந்த பச்சைத் தொட்டியில் மேலே உள்ள சில சென்டிமீட்டரே ஒளியையெல்லாம் விழுங்கிவிடுகிறது. கீழே இருப்பவை அரையிருளில் வாழ்கின்றன. கலக்கும்போது ஒவ்வொரு செல்லும் மேலே வந்துபோவது சிறு நேரம்தான். ஆகவே நிறமேற்றும் கட்டத்தில் மூன்று மடங்காக நீர்த்துவிடுங்கள், நைட்ரேட் இல்லாத உப்புநீரால். ஆழமும் 20 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். இஸ்ரேலின் எய்லாத்தில் துடுப்புச் சக்கரம் சுழலும் ஆழமற்ற ஓடைத் தொட்டிகளில் வளர்ப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூனில் காற்று மட்டுமே கலக்கும் பரந்த குளங்களில் வளர்க்கிறார்கள். அங்கே செல் அடர்த்தியும் குறைவு, உப்பு மிக அதிகம்.

உப்பைப் பற்றிக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம், எல்லோரும் முதலில் அதைத்தான் கூட்டுகிறார்கள். பௌமே மானியில் 15 முதல் 18 பாகை வரை இந்தப் பாசி மகிழ்ச்சியாகப் பெருகும். 24 பாகை நெருங்கும்போது வளர்ச்சி தளர்ந்து நிறம் ஏறும். வகைக்கு வகை இந்த எல்லை சற்று மாறும். ஆனால் உப்பைக் கூட்டுவது வளர்ச்சியைத் தடுப்பதற்கான வழிகளில் ஒன்று, அவ்வளவே. ஒளி இல்லாத நிழலில் 24 பாகையில் வைத்தாலும் ஆரஞ்சு ஏறாது; வரவே இல்லாத இடத்தில் மிச்சம் எங்கிருந்து வரும்? கூட்டும்போது நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். உறுதியான செல்சுவர் இல்லாத உயிர் இது. வெளியே உப்பு ஏறும்போது செல்லுக்குள் கிளிசரால் செய்து சமன்படுத்திக்கொள்ளும், அதற்கு நேரம் வேண்டும்.

அறிகுறி: நிறம் அழகாக இருக்கிறது, எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை

முந்தையதற்கு நேர் எதிர்ப் பிழை இது. பொறுமையில்லாமல் முதல் நாளிலிருந்தே பட்டினி போட்டு, உப்பை ஏற்றி, வெயிலில் வைத்திருப்பார்கள். செல்கள் அருமையாகச் சிவக்கும், எண்ணிக்கைதான் இருக்காது.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மில்லிலிட்டருக்கு 5 லட்சம் பச்சைச் செல்கள், ஒவ்வொன்றிலும் 4 பிகோகிராம் கரோட்டின்: லிட்டருக்கு 2 மில்லிகிராம். மில்லிலிட்டருக்கு 1 லட்சம் ஆரஞ்சுச் செல்கள், ஒவ்வொன்றிலும் 40 பிகோகிராம்: லிட்டருக்கு 4 மில்லிகிராம். முதலில் 5 லட்சமாகப் பெருக்கி, பிறகு அவற்றை 30 பிகோகிராம் வரை சிவக்கவைத்தால் லிட்டருக்கு 15 மில்லிகிராம். அந்த 30 என்பது 40-ஐவிட மங்கல்தான், கண்ணுக்கு அழகு குறைவுதான். விளைச்சல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

அதனால் இரண்டு கட்டமாக வளர்ப்பதையே நான் வற்புறுத்துகிறேன். முதல் கட்டத்தில் நைட்ரேட், மிதமான உப்பு, சற்று நிழல். இரண்டாம் கட்டத்தில் பட்டினி, கூடுதல் உப்பு, முழு வெயில். இடமும் தொட்டியும் இல்லாதவர்கள் ஒரே தொட்டியில், குறைந்த நைட்ரேட் தானாகத் தீர்வதை நம்பிச் செய்யலாம். ஆனால் மாதம் முழுவதும் பாதிப் பட்டினியில் வைத்திருப்பதை ஏற்க முடியாது. அதில் பெருக்கமும் இல்லை, நிறமும் இல்லை.

முதல் கட்டத்திலேயே எண்ணிக்கை ஏற மறுத்தால் கரியமில வாயுவைக் கவனியுங்கள். உப்பு மிகுந்த நீரில் அது குறைவாகவே கரையும். பிற்பகலில் பிஎச் 9-ஐத் தாண்டிப் போனால் பாசி கரிமத்துக்கு ஏங்குகிறது. சிறிதளவு சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட் உதவும். நைட்ரஜனுக்காக அம்மோனியம் சல்பேட் உரத்தைப் போடாதீர்கள்: பாசி அம்மோனியத்தை எடுக்கும்போது பிஎச் இறங்கிவிடும், பிஎச் ஏறியிருக்கும் வேளையில் போட்டால் அம்மோனியா நஞ்சாகும்.

அறிகுறி: சிவந்துவிட்டது, ஆனால் இளஞ்சிவப்புச் சாயல்

‘அக்கா, தொட்டி சிவந்துவிட்டது, எடுக்கலாமா?’ என்று ஓர் இளம் ஆசிரியை கேட்டபோது நான் முதலில் கேட்டது, ‘ஆரஞ்சா, ரோஜாவா?’ என்பதுதான். துனாலியெல்லாவின் சிவப்பு செங்கல் ஆரஞ்சு நோக்கிச் சாயும். ரோஜா, ஊதா கலந்த சிவப்பு பெரும்பாலும் ஆர்க்கியா என்னும், பாக்டீரியா போன்ற உப்புவிரும்பி நுண்ணுயிர்களின் வேலை. அவற்றின் நிறமி பாக்டீரியோரூபெரின், பீட்டா கரோட்டின் அல்ல. நுண்ணோக்கியில் பார்த்தால் ஐயம் தீரும்: துனாலியெல்லா 10 முதல் 25 மைக்ரான் அளவில் முட்டை வடிவில் தெரியும், இவை வெறும் பொடிப்புள்ளிகள். நிறமாலையில் பீட்டா கரோட்டின் 450 நானோமீட்டரை ஒட்டி உச்சம் காட்டும், பாக்டீரியோரூபெரின் 494-ஐ ஒட்டியும் 530-க்கு அருகிலும் உச்சம் காட்டும்.

இவை ஏன் வந்தன என்பதே இங்கே பயனுள்ள கேள்வி. சிதைந்த பாசிச் செல்களிலிருந்து கசியும் கிளிசரால் இவற்றுக்கு உணவு. ஆகவே ரோஜா நிறம் தலையெடுத்தால் உங்கள் பாசி ஏற்கெனவே உடைந்துகொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கூரான விசிறிகளைக்கொண்ட பம்பை நிறுத்துங்கள், உப்பைத் திடீரென மாற்றுவதை நிறுத்துங்கள், அடியில் தங்கிய கசடை எடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் அதே நீரைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு பகுதியையாவது புதுப்பியுங்கள்.

சிவப்பு புள்ளிகளாக நகர்ந்துகொண்டிருந்தால் அது ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறால். அடுத்த அறிகுறிக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: பெருமழைக்குப் பிறகு பச்சையாகி, சில நாளில் நீர் தெளிந்துவிட்டது

நம் தீவில் மிக அதிகம் இழப்பு வருவது இதனால்தான். ஜனவரி முதல் மார்ச் வரை, தைப்பூசக் காவடிக்கு முன்னும் பின்னும், சூறாவளி எச்சரிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெருமழை வரும். மேற்குக் கரையும் அப்போது தப்பாது.

20 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியில் லிட்டருக்கு 300 கிராம் உப்பு இருக்கிறது என்று வையுங்கள். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆழம் 30 சென்டிமீட்டர், உப்பு 200 கிராம். ஒரே இரவில் நிறமேற்றும் கட்டத்திலிருந்து வளர்ச்சிக் கட்டத்துக்குத் திரும்பிவிட்டீர்கள். அது மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். மழைநீர் கனம் குறைந்தது. உப்புநீரின் மேல் தனி அடுக்காக மிதக்கும். மேலே நீந்தி வந்த சுவரில்லாச் செல்கள் அந்த அடுக்கில் வீங்கி வெடித்துவிடும். மழை விட்டதும் உடனே கலக்கிவிட்டால் வெடிப்பது தொட்டி முழுவதும் பரவும் என்று சிலர் அஞ்சுவார்கள். மேலடுக்கைக் குழாய் வைத்து வடித்து அகற்றிய பிறகு மெதுவாகக் கலக்குவதே சரி. ஓரத்தில் மேல்நீர் தானாக வழிந்தோட ஒரு வாய் வைத்துக் கட்டிய தொட்டிக்கு இந்த வேலை பாதி மிச்சம். கூரை போட முடிந்தவர்கள் கோடையில் கட்டாயம் போட வேண்டும். ஒளி ஊடுருவும் தகடாக இருக்கட்டும்.

நீர் தெளிந்துபோவதற்குக் காரணம் வேறு. உப்பு இறங்கியதும் பாசியைத் தின்னும் உயிர்களுக்குக் கதவு திறந்துவிடுகிறது. ஃபாப்ரியா சலினா என்னும் குற்றிழை உயிரி, அமீபாக்கள், ஆர்ட்டீமியா, மூன்றும் வரலாம். ஃபாப்ரியா ஒரு தொட்டியைச் சில நாளில் காலிசெய்துவிடும். நுண்ணோக்கியில் துனாலியெல்லாவைவிடப் பலமடங்கு பெரிதாக, வயிறு நிறைய பச்சையும் ஆரஞ்சுமாகத் தெரியும். பார்த்த அன்றே உப்பை ஏற்றுங்கள். 20 பாகைக்கு மேல் அவற்றின் பெருக்கம் வெகுவாகத் தளரும், பாசி தாக்குப்பிடிக்கும். இந்தப் பாசியின் பெரிய பாதுகாப்பு அதுதான். மருந்து தெளிக்கும் யோசனையே வேண்டாம். உண்ணக்கூடிய நிறமியை வளர்க்கிறோம்.

இதற்காகவே மழைக்காலம் முழுவதும் அடர் உப்புநீரை ஒரு மூடிய பீப்பாயில் சேமித்து வையுங்கள். பையிலிருந்து உப்பை அப்படியே கொட்டினால் அது அடியில் கிடந்து மெல்லக் கரையும், அதற்குள் காரியம் கெட்டுவிடும். உப்பு எடுத்த பின் மிஞ்சும் கசப்பு நீரை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். சிறிதளவு சரி; அதில் மக்னீசியம் மிகுதி, நிறைய சேர்த்தால் பாசி தளரும். அயோடின் கலந்த சமையல் உப்பு வேண்டாம், கல்லுப்புப் போதும்.

அறிகுறி: ஆரஞ்சாக மாறாமல் வெளிறி மஞ்சளாகிறது

பச்சையம் சிதைந்து, கரோட்டின் இன்னும் சேராத நிலை. நிழலில் வளர்ந்த செல்களை ஒரே நாளில் உச்சி வெயிலுக்கு மாற்றினால் இப்படி ஆகும். கேடயம் கட்டுவதற்கு அவற்றுக்குச் சில நாள் தேவை. மேகமூட்டமான நாளில் மாற்றுங்கள், அல்லது முதல் இரண்டு மூன்று நாள் நண்பகலில் நிழல்வலை போடுங்கள். ஆழமற்ற கருநிறத் தொட்டிகளில் கோடை நண்பகலில் நீர் 40 பாகை செல்சியஸைத் தாண்டினாலும் இதே தோற்றம் வரும். தொட்டிக்கு வெள்ளை அடியுங்கள். ஆவியாவதை ஈடுகட்ட ஊற்றும் குழாய்நீரில் குளோரின் இருக்கலாம், ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். செப்புக் குழாய், பித்தளை வால்வு எதுவும் உப்புநீரைத் தொடக் கூடாது.

அறிகுறி: செல்கள் நீந்தாமல் அடியில் படிகின்றன

உப்பு மிகவும் இறங்கினாலோ, பட்டினி நீண்டாலோ இவை கசையிழைகளை உதிர்த்து, வழவழப்பான பசைக்குள் கூட்டமாக அடங்கிவிடும். செத்துவிட்டதாக எண்ணிக் கொட்டிவிடாதீர்கள். நுண்ணோக்கியில் உருண்டையாக, நிறத்தோடு இருந்தால் உயிரோடுதான் இருக்கின்றன. உப்பைச் சரிசெய்து கொஞ்சம் நைட்ரேட் கொடுத்தால் திரும்ப நீந்தும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மட்டும் அடிக்கசடை அப்புறப்படுத்துங்கள்.

அறிகுறி: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எல்லாம் மந்தம்

இந்தப் பாசிக்கு 25 முதல் 35 பாகை செல்சியஸ் வரை நல்ல வளர்ச்சி. குளிர்மாத இரவுகளில் தொட்டிநீர் அதற்குக் கீழே போவதால் பிரிவது தாமதமாகும். வளர்ச்சி குறைந்து வெயில் இருப்பதால் செல்கள் சிவப்பாகவே தெரியும். ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் விளைச்சல் குறையும். இதைப் பிழை என்று எண்ணி நைட்ரேட்டைக் கொட்டாதீர்கள். முதல் கட்டத்தை மட்டும் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தால் போதும். பீட்டா கரோட்டின் மூலக்கூறுக்கு 9-சிஸ், முழு டிரான்ஸ் என்று வேறு வேறு வடிவங்கள் உண்டு; குளிரில் கிடைக்கும் கரோட்டினில் 9-சிஸ் வடிவத்தின் பங்கு கூடும். செயற்கையாகச் செய்யப்படும் பீட்டா கரோட்டின் பெரும்பாலும் முழு டிரான்ஸ் வடிவம். துனாலியெல்லாவைத் தேடி வாங்குவோர் 9-சிஸ்ஸுக்காகவும் வாங்குகிறார்கள். அளவு குறைந்தாலும் குளிர்கால அறுவடையைத் தனியே வைப்பது நல்லது என்பது என் கருத்து.

அறிகுறி: எடுக்கும்வரை ஆரஞ்சு, காய்ந்ததும் சாம்பல்

உப்பு போகட்டும் என்று நன்னீரில் கழுவினால் செல் வெடித்து, நிறமி நுரையோடு வடிந்துபோகும். கழுவ வேண்டுமானால் சற்றே குறைந்த உப்புநீரால், படிப்படியாக. வேகமான பம்பும் மையவிலக்கு எந்திரத்தின் உச்ச வேகமும் இதே சேதத்தைச் செய்யும். சிறு அளவில் செய்வோர் பிஎச்சைக் காரத்தால் 10-க்கு மேல் ஏற்றினால், நீரில் உள்ள மக்னீசியம் ஹைட்ராக்சைடாகத் திரண்டு செல்களையும் சேர்த்து இறக்கிவிடும். மேல்நீரை வடிப்பது எளிதாகும். எடுத்த குழம்பில் மக்னீசியமும் கலந்திருக்கும், உண்பதற்கான பொருளுக்கு இந்த வழி ஏற்றதல்ல.

கரோட்டினைச் செய்யவைத்த வெயிலே செல் செத்த பிறகு அதைக் கெடுத்துவிடும். மீனும் மிளகாயும் உலர்த்தும் தட்டியில் இதை உலர்த்தாதீர்கள். நிழலில், விசிறிக் காற்றில், மெல்லிய படலமாக உலர்த்தி, காற்றுப் புகாத இருண்ட நிறக் குப்பியில் வாய்வரை நிரப்பி, உறைபெட்டியில் வையுங்கள். உடனே பயன்படுத்துவதென்றால் உலர்த்தவே வேண்டாம். ஈரக் குழம்பாகவே தாவர எண்ணெயில் கலக்கி வைத்தால் நிறமி எண்ணெய்க்கு இறங்கிவிடும்.